உடைந்த டேப்லெட்டைப் பழுதுபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைநழுவி விழுந்தோ, மிதிபட்டோ, நீரில் நனைந்தோ ஒரு டேப்லெட் சேதமடையும்போது நம் கண் முதலில் போவது விரிசல் விட்ட கண்ணாடியின் மீதுதான். கண்ணாடியை என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அடியில் நசுங்கிக் கிடக்கக்கூடிய பேட்டரிக்கும், அந்தச் சாதனத்துக்குள் மட்டுமே இருக்கும் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் அந்த அவகாசம் கிடையாது. ஆகவே முதலில் பேட்டரி, அடுத்து உள்ளிருக்கும் தகவல்கள், அதன் பிறகே திரை என்ற வரிசையை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

டேப்லெட் இப்போதுதான் கீழே விழுந்தது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

சார்ஜரில் இணைந்திருந்தால் சுவிட்சை அணைத்துக் கேபிளைப் பிரித்துவிடுங்கள். பிறகு டேப்லெட்டைச் சமதளமான மேசை மீது வைத்து, கண்மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். நான்கு மூலைகளும் மேசையில் பதிந்திருக்கின்றனவா, முதுகுப் பகுதி எங்காவது குழிந்தோ புடைத்தோ இருக்கிறதா, திரை ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறதா என்பதே முதலில் தெரிய வேண்டியது. அடுத்து, கையில் எடுத்து எந்த இடமாவது சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, விளிம்புகளில் பெயின்ட் கரைப்பான் போன்ற இனிப்பு கலந்த வாடை வருகிறதா என்று கவனியுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. டேப்லெட்டின் உட்பரப்பில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது தட்டையான லித்தியம் பேட்டரிதான். அதற்கு உலோகக் கூடு கிடையாது. மெல்லிய உறைக்குள் அடுக்கடுக்காக மடித்து வைக்கப்பட்ட தகடுகளையும், அவற்றுக்கிடையே தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிரிப்புத் தாளையும் கொண்டது அது. அடி பலமாக விழுந்து அந்தத் தாள் கிழிந்தால் நேர்முனையும் எதிர்முனையும் உள்ளேயே ஒட்டிக்கொண்டு சூடேறத் தொடங்கும். அந்தச் சூடு அடுத்த வேதிவினையைத் தூண்ட, அது மேலும் சூட்டைக் கிளப்ப, இறுதியில் புகையும் தீயுமாக முடியும். இது விழுந்த நொடியில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை, சில மணி நேரம் கழித்தும் நடக்கலாம். எனவே பலமாக அடிபட்ட டேப்லெட்டை ஒரு நாளாவது சார்ஜ் செய்யாமல், படுக்கை, சோபா, புத்தக அடுக்கு ஆகியவற்றிலிருந்து விலக்கி, பீங்கான் ஓடு பதித்த தரை போன்ற தீப்பிடிக்காத இடத்தில் வைத்திருங்கள்.

பேட்டரி உப்பியிருப்பதாகத் தோன்றுகிறது. என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?

பேட்டரிக்குள் இருக்கும் மின்பகு திரவம் சிதைந்து வாயுவாக மாறுவதால்தான் உறை உப்புகிறது. திரையின் ஓரம் தூக்கிக்கொள்வது, திரையின் நடுவில் வெளிறிய அழுத்தத் தடம் தெரிவது, மேசையில் வைத்தால் டேப்லெட் ஆடுவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

அணைத்துவிடுங்கள், மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். தூக்கிக்கொண்ட திரையை அழுத்தி உட்கார வைக்க முயல்வதும், வாயு வெளியேறட்டும் என்று ஊசியால் குத்துவதும் தீயை வரவழைக்கும் செயல்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வீக்கம் வடிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. உப்பிய பேட்டரி பழைய நிலைக்குத் திரும்பாது, மாற்றுவது ஒன்றே வழி. பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல், அதன் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

புகை வந்துவிட்டால் அதைச் சுவாசிக்காமல் விலகுங்கள், ஏனெனில் அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். மின் இணைப்பில் இல்லாத டேப்லெட் தீப்பிடித்தால், பாதுகாப்பான தொலைவில் நின்று ஏராளமான தண்ணீரை ஊற்றிக் குளிர்விப்பது பயன் தரும். தீ சிறியதாக இல்லாவிட்டால் நீங்கள் அணைக்க முயல வேண்டாம். வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

திரை முழுவதும் கறுப்பாக இருக்கிறது. டேப்லெட் செத்துவிட்டதா, திரை மட்டும்தான் போனதா?

திரை கறுத்திருப்பதை மட்டும் வைத்து டேப்லெட்டையே கைவிட்டுவிடாதீர்கள். பேட்டரியில் வீக்கமோ சூடோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பவர் பொத்தானையும் ஒலியளவைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்து முதல் இருபது நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்கள் இதில் மறுதொடக்கம் ஆகும். முகப்புப் பொத்தான் இல்லாத ஐபேடில் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி விட்டுவிட்டு, மேல் பொத்தானை நிறுவனச் சின்னம் தோன்ற வேண்டிய நேரம் வரை பிடித்திருக்க வேண்டும். முகப்புப் பொத்தான் உள்ள ஐபேடில் அதையும் மேல் பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் போதும்.

திரையில் எதுவும் வராவிட்டாலும் காது கொடுத்துக் கேளுங்கள். ஒலியளவுப் பொத்தானுக்குச் சத்தம் வருகிறதா, சார்ஜரைச் செருகும்போது ஒலியோ அதிர்வோ எழுகிறதா, வேறொரு சாதனத்திலிருந்து அழைத்தால் மணி அடிக்கிறதா, கணினியில் இணைத்தால் கணினி அதை அடையாளம் காண்கிறதா? இவற்றில் ஒன்று நடந்தாலும் மதர்போர்டு, அதாவது டேப்லெட்டின் முதன்மைச் சுற்றுப்பலகை, உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். பின்னாலிருந்து ஒளியூட்டப்படும் எல்சிடி வகைத் திரையாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. அறையை இருட்டாக்கி, திரைக்கு மிக அருகில் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். மங்கலாகவேனும் படம் தெரிந்தால் போயிருப்பது பின்னொளியோ அதற்கு மின்சாரம் தரும் சுற்றோதான். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் அங்கே இந்தச் சோதனைக்கு வேலை இல்லை.

யாரும் தொடாமலே திரையில் ஏதேதோ அழுந்துகிறது. ஏன்?

தொடு உணரியின் மெல்லிய கோடுகள் அறுபட்டிருக்கலாம், அல்லது வளைந்த சட்டமோ உப்பிய பேட்டரியோ பின்னாலிருந்து அழுத்தலாம். சார்ஜரில் இணைத்திருக்கும்போது மட்டும் இப்படி நடந்தால் வேறொரு நல்ல சார்ஜரில் சோதித்துப் பாருங்கள், தரமற்ற சார்ஜரின் மின்னிரைச்சலும் இதே விளைவைத் தரும்.

இதில் பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. பூட்டுத்திரையில் தானாக அழுந்தும் எண்கள் தவறான கடவு எண்களாகப் பதிவாகும். சில முறை தவறினால் டேப்லெட் தன்னைத் தானே நீண்ட நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். பத்து முறை தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிடும்படி அமைத்திருந்தால் அதுவும் நடந்துவிடும். எனவே தானாகத் தொடும் திரையை அணைத்துவைப்பதே தகவல்களுக்குப் பாதுகாப்பு.

உள்ளே இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் எப்படி மீட்பது?

திரை ஓரளவு தெரிந்து, தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் நிலைமை நல்லதுதான். யூஎஸ்பி ஹப் வழியாக ஒரு சாதாரண மவுஸைச் செருகினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் சுட்டி தோன்றும்; அதைக் கொண்டே பூட்டைத் திறந்து கோப்புகளை மேகச் சேமிப்பகத்துக்கோ பென்டிரைவுக்கோ அனுப்பிவிடலாம். ஐபேடில் 2020இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13.4 முதல் இதே வசதி இருக்கிறது. ஆனால் கடைசியாகப் பூட்டைத் திறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் ஐபேட் புதிதாகச் செருகும் துணைக்கருவிகளை ஏற்க மறுக்கலாம். 2018இல் கொண்டுவரப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடு அது.

தொடுதல் வேலை செய்து திரை தெரியவில்லை என்றால், யூஎஸ்பி-சி துளை வழியாகப் படத்தை வெளியே அனுப்பும் மாடலா என்று பாருங்கள். எல்லா மாடல்களுக்கும் அந்தத் திறன் இல்லை. இருந்தால் தொலைக்காட்சியில் இணைத்து வேலையை முடித்துக்கொள்ளலாம். மெமரி கார்டு இருந்தால் முதலில் அதைக் கழற்றி வேறிடத்தில் படித்துப் பாருங்கள். கார்டைத் தனிச் சேமிப்பாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலுள்ளவை அப்படியே கிடைக்கும். டேப்லெட்டின் உள்சேமிப்போடு இணைத்திருந்தால் வெளியே படிக்க முடியாது.

டேப்லெட் அறவே இயங்கவில்லை என்றால் "சேமிப்புச் சிப்பைக் கழற்றி அதிலிருந்து படித்துத் தருகிறோம்" என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். இக்கால ஐபேட்களில் சேமிப்பு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டிலும், 2015இல் வெளியான 6.0 பதிப்பிலிருந்து போதிய திறனுள்ள புதிய சாதனங்களுக்கு அது கட்டாயம் ஆக்கப்பட்டது. அந்தத் திறவுகோல் அதே மதர்போர்டில் உள்ள பிராசசரோடு பிணைந்திருப்பதால், தனியே எடுத்த சிப்பில் கிடைப்பது பொருளற்ற எண்களே. ஆகவே தகவல் மீட்பு என்பது அதே போர்டை, சில நிமிடங்களுக்காவது உயிர்ப்பித்து, உரியவரின் கடவு எண்ணால் திறப்பதுதான். போர்டு அளவில் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் மட்டுமே அதை ஒப்படையுங்கள். "முதலில் ரீசெட் செய்து பார்க்கலாம்" என்று சொல்பவரிடம் ஒப்படைக்காதீர்கள், ரீசெட் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும்.

கண்ணாடி மட்டும் உடைந்ததா, டிஸ்பிளேயும் சேர்ந்து உடைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாம் திரை என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று அடுக்குகள். மேலே காப்புக் கண்ணாடி, அதன் உட்புறத்தில் விரலை உணரும் தொடு உணரி, அடியில் படத்தைக் காட்டும் டிஸ்பிளே. விரிசல் இருந்தும் படம் தெளிவாக, தொடுதல் எல்லா இடத்திலும் சரியாக இருந்தால் கண்ணாடி மட்டுமே போயிருக்கிறது. ஒரு செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து, திரையின் எல்லா மூலைகளுக்கும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் அது கைவிட்டுப் போகிறதோ அங்கே தொடு உணரி அறுந்திருக்கிறது. மை கொட்டியது போன்ற கறை, செங்குத்தான வண்ணக் கோடுகள், பாதி வெளுத்த பரப்பு ஆகியவை டிஸ்பிளேயின் சேதத்தைக் காட்டும். ஓஎல்இடி திரையில் அந்தக் கறுப்புக் கறை நாளுக்கு நாள் பரவும், ஏனெனில் உடைந்த உறை வழியே நுழையும் காற்றும் ஈரமும் ஒளிரும் பொருளைக் கெடுத்துக்கொண்டே போகும். அப்படிப்பட்ட நிலையில் இன்றே தகவல்களை நகலெடுத்துவிடுங்கள்.

அடுத்து, இந்த அடுக்குகள் தனித்தனியே இருக்கின்றனவா, ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்பது செலவைத் தீர்மானிக்கும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் கண்ணாடிக்கும் டிஸ்பிளேக்கும் நடுவே சிறு காற்றிடைவெளி இருக்கும். கண்ணாடியைத் தனியே மாற்றலாம். உயர் மாடல்களில் தெளிந்த பசையால் மூன்றும் ஒன்றாக்கப்பட்டிருக்கும். ஐபேட்களில் 2014இல் வந்த ஐபேட் ஏர் 2 இவ்வாறு ஒட்டப்பட்டது. இவற்றில் கண்ணாடி மட்டும் உடைந்தாலும் முழுத் தொகுதியையே மாற்ற வேண்டியிருக்கும், கடைக்காரர்கள் அதைக் காம்போ என்பார்கள். சாய்த்துப் பார்க்கும்போது படம் கண்ணாடிக்குச் சற்று ஆழத்தில் கிடப்பது போலத் தெரிந்தால் தனித்தனி, கண்ணாடி மேலேயே வரைந்தது போலத் தெரிந்தால் ஒட்டியது.

விரிசலைப் பசையால் ஒட்டிப் பயன்படுத்தலாமா?

விரிசல் பசையால் மறையாது; உள்ளே இறங்கும் பசை தொடு உணரியைக் கெடுக்கலாம். கண்ணாடித் துகள் விரலில் குத்தாமல் இருக்க அகலமான ஒளிபுகும் டேப்போ திரைக்காப்புத் தாளோ ஒட்டிச் சில நாள் சமாளிக்கலாம். குழந்தைகள் கையில் மட்டும் தராதீர்கள்.

தண்ணீரில் விழுந்துவிட்டது. அரிசியில் புதைத்து வைத்தால் சரியாகுமா?

ஆகாது. மூடிய உடலுக்குள் போர்டின் சிப்களுக்கு அடியில் தேங்கிய நீரை வெளியே இருக்கும் அரிசியால் உறிஞ்ச முடியாது. அதன் மாவுத் தூசி துளைகளில் போய் அடைவதுதான் மிச்சம். ஈரத்தோடு மின்சாரமும் சேரும்போதுதான் கேடு விரைவாக நடக்கிறது. நீரில் கரைந்திருக்கும் உப்புகள் வழியே மின்னோட்டம் பாய்ந்து, செம்புத் தடங்களையும் இணைப்பு முனைகளையும் நிமிடக் கணக்கில் அரிக்கத் தொடங்கும். கடல்நீரும் இனிப்புப் பானங்களும் வெறும் நீரைவிட மோசமானவை.

எனவே உடனே அணையுங்கள், சார்ஜரைச் செருகாதீர்கள், "ஆன் ஆகிறதா பார்க்கலாம்" என்று மீண்டும் மீண்டும் முயலாதீர்கள். வெளிப்புறத்தைத் துடைத்து, சார்ஜிங் துளை கீழ்நோக்கி இருக்குமாறு நிறுத்தி வையுங்கள். ஹேர் டிரையரின் காற்று நீரை இன்னும் உள்ளே தள்ளும். உண்மையான தீர்வு, அன்றைக்கே திறந்து, பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, போர்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவிக் காயவைப்பதே. அந்த ஆல்கஹால் நீரையும் உடன் இழுத்துக்கொண்டு, மிச்சம் வைக்காமல் ஆவியாகிவிடும். எளிதில் தீப்பற்றுவது என்பதால் அருகில் சுடரோ சூடான சாலிடரிங் கருவியோ இருக்கக்கூடாது. டிஸ்பிளேயின் அடுக்குகளுக்குள் அது புகுந்தால் கறை விழும், ஆகவே போர்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ந்தபின் இயங்கிவிட்டது என்று நிம்மதி அடைந்து, உள்ளே அரிப்பு வளர்ந்து சில வாரம் கழித்து நின்றுபோன சாதனங்களை நான் பார்த்திருக்கிறேன். கழுவாமல் உலர்த்துவது பாதி வேலைதான்.

விழுந்த பிறகு சார்ஜ் ஏறவில்லை. துளை உடைந்துவிட்டதா?

முதலில் வேறு கேபிளையும் சார்ஜரையும் மாற்றிப் பாருங்கள். பிறகு டேப்லெட்டை அணைத்துவிட்டு, துளைக்குள் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். துணிப்பஞ்சு அடியில் இறுகிக் கிடந்து கேபிளை முழுவதும் உட்காரவிடாமல் தடுப்பது வியக்கத்தக்க அளவுக்குச் சாதாரணம். மரப் பற்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுத்துவிடலாம். உலோக ஊசி வேண்டாம். யூஎஸ்பி-சி துளையில் 24 தொடுமுனைகள் நெருக்கமாக அமைந்திருப்பதால் ஒன்றை வளைத்தாலும் குறுக்கிணைப்பு ஏற்படும். நடுவில் உள்ள நாக்கு உடைந்திருந்தாலோ, கேபிளை ஒரு பக்கம் அழுத்தினால் மட்டும் சார்ஜ் ஏறினாலோ துளையை மாற்ற வேண்டும். சில மாடல்களில் அது தனியான சிறு போர்டில் இருக்கும், மாற்றுவது எளிது. மற்றவற்றில் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருக்கும். அது வெப்பக்காற்றால் சாலிடரை இளக்கும் கருவியும் நுண்ணோக்கியும் வைத்திருப்பவரின் வேலை.

சட்டம் வளைந்துவிட்டது. நிமிர்த்தலாமா?

மூடிய நிலையில் நிமிர்த்தக்கூடாது. வளைவு போனாலும் அந்த விசையில் பேட்டரியும், சிப்களின் அடியில் உள்ள நுண்ணிய சாலிடர் மணிகளும் முறியலாம். எல்லாவற்றையும் கழற்றி எடுத்தபின் வெறும் சட்டத்தை மட்டுமே நிமிர்த்த வேண்டும். மூலை நசுங்கியிருக்கும்போது புதுக் கண்ணாடி பொருத்தினால், அதே மூலையிலிருந்து மீண்டும் விரிசல் கிளம்பும்.

நானே திறந்து திரையை மாற்றலாமா?

பொறுமையும் உங்கள் மாடலுக்கான பிரித்தெடுப்புப் படங்களும் இருந்தால், தனிக் கண்ணாடி உள்ள மாடல்களில் முயலலாம். 2010இல் வந்த முதல் ஐபேடின் திரையை உலோகக் கவ்விகள் பிடித்திருந்தன. அடுத்த ஆண்டின் ஐபேட் 2 முதல் பசையே பிடிக்கிறது, இன்று பெரும்பாலான டேப்லெட்கள் அப்படித்தான். ஆகவே திறப்பது என்பது பசையை இளக்குவதுதான். பேட்டரியை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, கண்ணாடி முழுவதும் டேப் ஒட்டி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஓரங்களை மட்டும், ஓரிரு நிமிடம் விட்டுவிட்டுச் சூடாக்குங்கள். பேட்டரி இருக்கும் நடுப்பகுதியில் வெப்பத்தை நிறுத்தாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் வில்லையைச் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் செருகாதீர்கள், ஏனெனில் விளிம்பின் அடியில்தான் டிஸ்பிளேயின் பட்டைக் கேபிளும் ஆன்டெனாவும் ஓடுகின்றன. அவசரப்பட்டு அறுத்துவிட்டால் உடைந்த கண்ணாடியோடு உடையாத பாகமும் போய்விடும். திரை கிளம்பியவுடன் அதைத் தூக்கிவிடாமல் புத்தகத்தைப் போலத் திறந்து, வேறெதையும் தொடுவதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள்.

திருகுகளை ஒரு தாளில் டேப்லெட்டின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள். ஒருமுறை அரை மில்லிமீட்டர் நீளமான திருகைத் தவறான துளையில் முடுக்கி, போர்டின் உள்தடத்தை நானே அறுத்திருக்கிறேன். அந்தச் சாதனம் பிறகு இயங்கவே இல்லை. முகப்புப் பொத்தானில் கைரேகை உணரி இருந்தால், அது போர்டோடு இணையாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். பழைய பொத்தானையே பத்திரமாகப் புதுக் கண்ணாடிக்கு மாற்ற வேண்டும். பசை ஒட்டுவதற்கு முன் கேபிள்களை மட்டும் இணைத்து, படமும் தொடுதலும் எல்லா மூலையிலும் சரியா என்று சோதியுங்கள்.

மதர்போர்டு பழுது, ஒட்டிய திரையின் கண்ணாடியை மட்டும் பிரிப்பது, உப்பிய பேட்டரியைக் கிளப்புவது ஆகிய மூன்றையும் முதல்முறை செய்பவர் தொடவேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதற்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

பொருத்தப்போவது நிறுவனத்தின் அசல் பாகமா, புதுப்பிக்கப்பட்டதா, பிறர் தயாரித்த மாற்றா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். மாற்றுத் திரைகளில் வெளிச்சமும் நிறமும் குறையலாம், திரையில் எழுதப் பயன்படும் எழுதுகோல் சரியாக வேலை செய்யாமல் போகலாம். நீர்க்காப்புள்ள டேப்லெட்டைத் திறந்தபின் அந்தக் காப்பு முன்போல் இருக்கும் என்று நம்பாதீர்கள். சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். திரை மாற்றுவதற்குக் கடவு எண் பொதுவாகத் தேவைப்படாது. சோதனையை நீங்கள் அங்கிருந்தே உங்கள் கையால் செய்து பார்க்கலாம்.

சரிசெய்வது நல்லதா, புதிது வாங்குவது நல்லதா?

கண்ணாடி, பேட்டரி, சார்ஜிங் துளை ஆகிய மூன்றும் சரிசெய்யத் தகுந்தவை. ஒட்டிய திரையும் வளைந்த சட்டமும் சேர்ந்து போயிருந்தால் செலவு சாதனத்தின் மதிப்பை நெருங்கும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன டேப்லெட்டுக்குப் புதுத் திரை போடுவதற்கு முன் யோசியுங்கள். உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், அங்கே விற்கப்படும் புதிய டேப்லெட் மாடல்களுக்கு, விற்பனை நின்றபின் ஏழு ஆண்டுகள் வரை முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்கச் செய்வது தயாரிப்பாளரின் சட்டக் கடமையாகியிருக்கிறது.

பழுதுபார்த்து வந்தபின் எதைச் சோதிக்க வேண்டும்?

இரு கேமராக்கள், ஒலிபெருக்கிகள், மைக், திரை தானாகச் சுழல்வது, வெளிச்ச உணரி, கைரேகை ஆகியவற்றை அங்கேயே பாருங்கள். வைஃபை ரூட்டர் இருக்கும் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போய், இணைப்பு முன்போல் இருக்கிறதா என்று சோதியுங்கள். பலவீனமாகியிருந்தால் திறக்கும்போது ஆன்டெனா அறுந்திருக்கலாம். முதல் முழு சார்ஜை நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், கண்பார்வையில் வைத்துச் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து அதே சமதள மேசையில் வைத்து மீண்டும் பக்கவாட்டில் பாருங்கள். திரையின் ஓரம் இம்மியளவு கிளம்பியிருந்தாலும் அதைப் பசையின் குறை என்று எண்ணி அழுத்திவிடாமல், பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.